ஷாம்பர்க் பாதிரியார் திறந்த வங்கி

ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் எந்த வருஷத்தை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்களோ, அந்த வருஷத்தில்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் அனுபவம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஃபிரான்சிஸ் ஹாஃப்மானுக்கு அந்த வருஷம் 1861. ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் துணை ஆளுநராகப் பதவியேற்றார். அதே வருஷம் சிகாகோவில் அவர் நடத்திவந்த வங்கி நொடித்துப்போனது. பழைய புகழ்மாலைப் புத்தகங்களில் பதவிக்கு ஒரு பத்தி கிடைக்கும். வங்கிக்கு "போரினால்" (அமெரிக்க உள்நாட்டுப் போர்) என்று ஒரு சொல் கிடைக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பி வைப்பவர். இங்கே ஆளுநர், துணை ஆளுநர் இருவருமே ஓட்டு வாங்கி வருகிறவர்கள். ஆளுநரை நம் முதல்வர் போல நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் துணை ஆளுநர்தான் மாநில செனட்டுக்கு (சட்டசபையின் மேலவைக்கு) தலைமை தாங்குவார். ஆளுநர் இறந்துவிட்டால் அந்த நாற்காலிக்கு வருவார். இந்த இரண்டாவது வேலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நான் இருப்பது சிகாகோவுக்கு வடமேற்கே ஷாம்பர்க்கில். அமெரிக்கா வந்த தமிழர்களில் பலருக்கு வுட்ஃபீல்ட் மால் இருக்கும் ஊர் என்றால் புரியும். பிழைப்புக்கு நான் பார்ப்பது வங்கிகளின் கொலாட்டரல் மென்பொருள். யார் எந்தப் பத்திரத்தை ஈடாக வைத்திருக்கிறார்கள், இன்று அதன் மதிப்பு என்ன, குறைந்திருந்தால் இன்னும் எவ்வளவு கேட்க வேண்டும், இதுதான் நாள் முழுக்க. ஷாம்பர்க் ரோட்டில் செயின்ட் பீட்டர் லூத்தரன் சர்ச் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜெர்மன் எழுத்துகள் செதுக்கிய பழைய கற்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் முழுக்க ஜெர்மன் விவசாயிகளின் ஊர். 1840களில் அந்தச் சபையைத் தொடங்கிவைத்த பாதிரியார்தான் ஹாஃப்மான். பாதிரியார் எப்படி வங்கி முதலாளி ஆனார், வங்கி முதலாளி எப்படி துணை ஆளுநர் ஆனார் என்ற கேள்விதான் என்னை உள்ளே இழுத்தது. ஈட்டுப் பத்திரங்களால் ஒரு வங்கி கவிழ்ந்தது என்றதும் விடவே முடியவில்லை. அது என் தொழில்.

1822-ல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் ஹெர்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா புத்தக வியாபாரி. 18 வயதில், 1840-ல், தனியாகக் கப்பலேறி நியூயார்க் வந்து, கடன் வாங்கி ஏரிகள் வழியாக சிகாகோ வந்து சேர்ந்தார். அன்றைய சிகாகோவில் மொத்த ஜனத்தொகை 4,470. லேக் ஹவுஸ் என்ற ஓட்டலில் விருந்தாளிகளின் பூட்ஸ் துடைக்கும் வேலை கிடைத்தது. பிறகு மேற்கே டங்க்லீஸ் குரோவ் என்ற ஜெர்மன் குடியிருப்பில் (இன்றைய அடிசன் பக்கம்) வாத்தியார் வேலை. வருஷத்துக்கு 50 டாலர் சம்பளம், சாப்பாடு முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும். அங்கிருந்து மிச்சிகன் போய் இறையியல் படித்து, லூத்தரன் பாதிரியாராகத் திரும்பினார்.

அடுத்த பத்து வருஷத்தைத்தான் நான் அவருடைய முதலீடு என்று சொல்வேன். அந்தக் காலத்து நாட்டுப்புறப் பாதிரியார் பிரசங்கத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அவர் கையால்தான். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அவர்தான் மனு எழுதுகிறவர். ஹாஃப்மான் இதோடு தபால் அதிகாரி வேலை, ஊர் எழுத்தர் வேலை எல்லாம் பார்த்தார். பத்திரிகைகளுக்கு ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நிலம், யாருக்கு எங்கே கடன் என்பதெல்லாம் தெரியாமல் இத்தனை வேலை பார்க்க முடியாது. 1850களின் தொடக்கத்தில் உடம்பு முடியாமல் சபை ஊழியத்தை விட்டு சிகாகோ வந்தார், சட்டம் படித்தார், 1853-ல் நகரசபை உறுப்பினரானார், மனை வியாபாரத்தில் இறங்கினார், 1854 வாக்கில் வங்கி திறந்தார். ஒரு பூட்ஸ் துடைத்த பையன் பதினான்கு வருஷத்தில் வங்கி வைத்தான் என்று படித்தால் மந்திரம் போல இருக்கும். ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்கள் புதிதாக வந்து இறங்கும் ஊரில், அவர்கள் மொழியில் பேசுகிற, அவர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த ஒருவர் "உங்கள் பணத்தை என்னிடம் வையுங்கள்" என்றால் வைப்பார்களா மாட்டார்களா? இதில் மந்திரம் எங்கே இருக்கிறது.

அரசியல் பின்னாலேயே வந்தது. 1854-ல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்து, புதிய பிரதேசங்களில் அடிமைமுறைக்கு வாசல் திறந்தபோது, அதுவரை டெமாக்ரட் கட்சிக்காரராக இருந்த ஹாஃப்மான் அதை எதிர்த்துப் பேசினார். 1855-ல் சிகாகோ மேயர் லீவை பூன் சாராய லைசென்ஸ் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலருக்கு ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை பீர்க் கடைகளை மூடச் சொன்னார். குடியேறிகளைப் பிடிக்காத கட்சி அவருடையது. ஜெர்மானியர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஓட்டை எந்தக் கட்சி பிடிப்பது என்ற போட்டியில் ஜெர்மன் தெரிந்த தலைவர்களுக்கு மவுசு கூடியது.

1856 மே மாதம் புளூமிங்டனில், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ரிபப்ளிகன் கட்சி இல்லினாயில் உருவான மாநாட்டில் ஆளுநர் வேட்பாளர் வில்லியம் பிஸ்ஸெல், துணை ஆளுநர் வேட்பாளர் ஹாஃப்மான் என்று அறிவித்தார்கள். அறிவித்த பிறகுதான் யாரோ சட்டப் புத்தகத்தைத் திறந்திருக்கிறார்கள். மாநிலத்தின் 1848 அரசியலமைப்பு அந்தப் பதவிக்கு 35 வயதும், 14 வருஷம் குடியுரிமையும் கேட்டது. ஹாஃப்மானுக்கு 34 கூட முடியவில்லை. 1840-ல் வந்தவர், ஐந்து வருஷம் வசித்தால்தான் குடியுரிமையே. எப்படிக் கூட்டினாலும் 14 வராது. பெயரை எடுத்துவிட்டு குவின்சி ஊர் ஜான் வுட்டைப் போட்டார்கள். தேர்தலில் ஜெயித்தார்கள். 1860 மார்ச்சில் பிஸ்ஸெல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஜான் வுட் ஆளுநரானார்.

சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் ஹாஃப்மான் உட்கார்ந்திருப்பார். வெளிநாட்டில் பிறந்த ஒருவர் இல்லினாய் ஆளுநராக 1893 வரை, ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் ஜெர்மானியரே. ஹாஃப்மானுக்குத் துணை ஆளுநர் பதவியே 1861-ல்தான் கிடைத்தது.

இங்கே எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வசித்து ஐந்து வருஷம் என்ற விதி 1802-லிருந்து அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருஷம். வித்தியாசம் என்னவென்றால், ஹாஃப்மான் துறைமுகத்தில் கால் வைத்த நாளிலிருந்து எண்ணினார்கள். நமக்கு கிரீன் கார்டு கையில் வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அது வருவதற்கு முன்னால் ஒரு நாட்டுக்கு மொத்தத்தில் 7 சதவீதம் என்ற வரம்பில் வரிசை வேறு. பொதுவேலையில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: பள்ளி போர்டோ நூலக போர்டோ, எதற்கு நிற்க நினைத்தாலும் கூட்டம் சேர்க்கும் முன் தகுதி விதியைப் படித்துவிடுங்கள். எத்தனை நாள் அந்த எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும், குடியுரிமை வேண்டுமா, எத்தனை கையெழுத்து, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் அந்தந்த மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டால் இனாமாகச் சொல்வார்கள். ஒரு மாநிலக் கட்சி மாநாடே இதில் கோட்டை விட்டிருக்கிறது.

இனி வங்கி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அமெரிக்காவில் மத்திய அரசின் நோட்டு கிடையாது. வங்கிகளே நோட்டு அடித்தன. இல்லினாயில் 1851-ல் ஒரு சட்டம் போட்டு, மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, முறைப்படுத்தினார்கள். வங்கி திறக்க விரும்புகிறவர் ஏதாவது மாநில அரசுகளின் கடன் பத்திரங்களை வாங்கி இல்லினாய் அரசின் ஆடிட்டரிடம் ஈடு வைக்க வேண்டும். அந்த மதிப்புக்கு ஆடிட்டர் நோட்டுகளில் மேலொப்பம் போட்டுத் தருவார். யாராவது அந்த நோட்டைக் கொண்டுவந்து தங்கமோ வெள்ளியோ கேட்டு வங்கி கொடுக்காவிட்டால், ஆடிட்டர் பத்திரத்தை விற்று நோட்டுக்காரருக்குக் கொடுப்பார். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. இன்றைக்கு நாங்கள் மென்பொருளில் செய்வதும் கிட்டத்தட்ட இதே.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பழைய நாணயச் சந்தையில் அந்தக் காலத்து இல்லினாய் நோட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. முன்பக்கம் பிரமாதமான வேலைப்பாடு, பின்பக்கம் வெறும் வெள்ளை. அரசுப் பத்திரங்கள் ஈடாக இருக்கின்றன என்ற வாசகம் எடுப்பாக இருந்தது. எந்த அரசின் பத்திரம் என்று எங்கும் இல்லை. கையெழுத்துகளின் மை பழுப்பேறியிருந்தது. கடைக்காரர் பிளாஸ்டிக் உறையோடு தந்ததால் சொரசொரப்பு தெரியவில்லை, வெளிச்சத்தில் பிடித்தபோது மடித்த கோடுகள் மட்டும் நன்றாகத் தெரிந்தன. நாலாக மடித்து யாரோ வருஷக்கணக்கில் பையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

எந்த அரசின் பத்திரம் என்பதில்தான் விஷயமே இருந்தது. அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களின் பத்திரங்கள், மிசௌரி, டென்னசி, வர்ஜீனியா மாதிரி, விலை மலிவு, வட்டி நல்ல வட்டி. எனவே இல்லினாய் வங்கிகள் அவற்றைத்தான் அள்ளி வாங்கி ஈடு வைத்தன. 1860 நவம்பரில் ரிபப்ளிகன் கட்சியின் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார், டிசம்பரில் தென் கரோலினா நாட்டைவிட்டுப் பிரிந்தது, அடுத்த ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் பீரங்கி வெடித்தது. தெற்குப் பத்திரங்களின் விலை சரிந்தது. ஈட்டு மதிப்புக் குறைந்ததால் வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்று ஆடிட்டர் வங்கிகளுக்கு ஓலை அனுப்பினார். இன்றைக்கு மார்ஜின் கால் என்று நாங்கள் சொல்வது அதுதான். எல்லா வங்கிக்கும் ஒரே சமயத்தில் ஓலை வந்தால் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள், விலை இன்னும் இறங்கும், இன்னொரு ஓலை வரும். மாநிலத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் நோட்டு வங்கிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வருஷத்தில் மூடின. கையில் இருந்த நோட்டை ஜனங்கள் "வாலறுந்த பணம்" என்று கேலி பேசினார்கள். இன்று காலை செல்லும் நோட்டு மாலையில் செல்லாது.

ஹாஃப்மானும் கெல்ப்கே என்ற கூட்டாளியும் நடத்தியது தனியார் வங்கி. வைப்பு வாங்குவதும் மனைக்குக் கடன் கொடுப்பதும் ஜெர்மனியிலிருந்து முதலீடு கொண்டுவருவதும் அவர்கள் தொழில். சிகாகோவின் வணிக நிலவரத்தை எழுதி அச்சிட்டு ஜெர்மனிக்கு அனுப்பிவந்தார் ஹாஃப்மான். இவர்களும் அதே தெற்குப் பத்திரங்களில் மாட்டினார்கள், 1861-ல் வங்கி போயிற்று.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அடிமைமுறை பரவுவதை மேடைமேடையாக எதிர்த்தவர். அந்த அரசியலால்தான் பதவிக்கே வந்தார். அந்த அரசியல் ஜெயித்தால் தெற்கு பிரிந்துபோகும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அப்படிப் பிரிந்தால் எந்தப் பத்திரம் விழும் என்று வங்கிக்காரருக்குத் தெரியாதா? மேடையில் இருந்த ஹாஃப்மானும் கல்லாவில் இருந்த ஹாஃப்மானும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஊர் முழுக்க அதே பத்திரத்தை வைத்திருந்தது என்பது விளக்கம்தான், சமாதானம் இல்லை. பேராசைக்காரர் என்று அவரைச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, அப்படி நினைக்கவும் இல்லை. எல்லாரும் செய்வதைச் செய்தார். என் தொழிலில் எனக்கு ரொம்பப் பயமான வாக்கியம் இதுதான்.

இந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் வட்டத்தில் தீபாவளி ஃபண்ட் விவகாரம் வெடித்தது. தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகையை ஒரு அண்ணனிடம் கொடுப்போம். தீபாவளிக்குக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பித் தருவார். ஊரில் அம்மாக்கள் மளிகைக் கடையில் போடுகிற அதே ஃபண்ட். அண்ணன் தங்கமான மனிதர். புதிதாக வந்தவர்களை ஏர்போர்ட்டில் போய் அழைத்துவருவார், யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அவர் வீட்டுப் பத்தியச் சாப்பாடு போகும். சும்மா கிடக்கும் பணம்தானே என்று, அது வளரட்டும் என்ற நல்ல எண்ணத்தில், தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கிலேயே போட்டிருக்கிறார். கம்பெனி ஆட்டம் கண்டது. பங்கு விழுந்தது, அவருடைய வேலையும் அதே வாரம் போனது. எச்-1பி விசாவில் வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். தேவை வந்த நேரமும் பணம் கரைந்த நேரமும் ஒன்றாகிப்போனது. கடைசியில் காரை விற்று, அண்ணி நகையை வைத்து, பாதிக்கு மேல் தந்துவிட்டார், மீதியைப் போன இடத்திலிருந்து அனுப்பிவருகிறார்.

வாட்ஸ்ஆப்பில் அவரைத் திட்டினவர்களும் உண்டு, "அண்ணனைப் போய் சந்தேகப்படலாமா" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. இரண்டு பேருமே விஷயத்தைத் தவறவிட்டார்கள் என்பேன். அவர் நல்லவரா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பதில் தெரியும். பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். ஷாம்பர்க் ஜெர்மானியர்களும் ஹாஃப்மானிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரிடம் போய் எந்தப் பத்திரம் வாங்கினீர்கள் என்று எப்படிக் கேட்பது?

அதற்குப் பிறகு எங்கள் ஃபண்டை மாற்றி அமைத்தோம். இரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கு, பங்கு கிங்கு எதுவும் கிடையாது, காப்பீடு உள்ள வங்கி மட்டும். மாதம் முதல் வாரம் கணக்கின் இருப்பைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும், யாரும் கேட்கக் காத்திருக்கக் கூடாது. கேட்கிற சங்கடத்தை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வைத்திருப்பவர்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது என்றும் எழுதிக்கொண்டோம். இது எங்கள் வீட்டுக்காரர் சொன்ன யோசனை. முதலில் சிரித்தேன், பிறகு மிசௌரி பத்திரம் ஞாபகம் வந்தது. வட்டி குறைவாகத்தான் வருகிறது. தீபாவளிக்கு ஒரு கிலோ முந்திரி குறையும், போகட்டும்.

ஹாஃப்மான் கதைக்கு வருகிறேன். வங்கி போன மனிதர் துணை ஆளுநர் பதவியில் 1865 வரை தொடர்ந்தார். ரிச்சர்ட் யேட்ஸ் போர்க்கால ஆளுநர். செனட்டில் ஹாஃப்மான் தலைமை நாற்காலியில். 1863-ல் சட்டசபையில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை, ஆளுநர் சபையையே ஒத்திவைத்து அனுப்பிவிட்டார். அப்படி ஒரு காலம். பதவியில் இருக்கும்போதே, 1862 முதல், இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயின் நிலங்களை ஜெர்மானியர்களுக்கு விற்கும் பொறுப்பையும் ஏற்றார். ரயில் போடுவதற்காக அந்தக் கம்பெனிக்கு அரசு கொடுத்திருந்தது சுமார் 25 லட்சம் ஏக்கர். ஒரே ஆள் அரசாங்கத்திலும் இருந்துகொண்டு ரயில் கம்பெனிக்காக நிலமும் விற்பதை இன்றைக்குச் செய்தால் கோர்ட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு யாரும் புருவம் தூக்கியதாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வங்கி கவிழ்ந்தவரிடம் நிலம் வாங்க ஆட்கள் வந்தார்கள். 1860களின் பிற்பாதியில் இன்டர்நேஷனல் பேங்க் என்று மறுபடி வங்கி தொடங்கினார், அதற்கும் வாடிக்கையாளர் வந்தார்கள். 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்து தரைமட்டமானபோது, வங்கிகளை எப்போது எப்படித் திறப்பது என்று கூடிய வங்கியாளர்கள் அமைத்த குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வங்கி கவிழ்ந்தவர்! ஒரு பக்கம், 1861-ல் தப்பியவர்களே குறைவு, எனவே கவிழ்ந்தது தனி அவமானமாக ஒட்டவில்லை. இன்னொரு பக்கம், அவர் ஊரை விட்டு ஓடவில்லை. அதே தெருவில், அதே மொழியில் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். எங்கள் அண்ணனும் இன்றுவரை குழுவை விட்டுப் போகவில்லை, மாதாமாதம் அவரே முதலில் செய்தி போடுகிறார். அடுத்த ஃபண்டில் அவரைச் சேர்க்கலாமா என்று கேட்டால் சேர்க்கலாம் என்பேன். பணத்தை அவரிடம் கொடுக்கலாமா என்றால் மாட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்வி.

இரண்டாவது வங்கியின் காலத்தில் விதிகள் மாறியிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1863-ன் நேஷனல் பேங்க் சட்டத்தில் நோட்டுக்கு ஈடாக மத்திய அரசின் பத்திரம் மட்டும்தான் ஏற்கப்பட்டது. 1865-ல் மாநில வங்கி நோட்டுகளுக்கு 10 சதவீத வரி போட்டு அவற்றை ஒழித்துக்கட்டினார்கள். அதாவது 1861-ன் பாடத்தைத் தனிமனிதர்கள் படித்தார்களோ இல்லையோ, சட்டம் படித்தது.

இவரைப் போல ஒரு குடியேறியின் தடத்தைத் தேட நினைப்பவர்களுக்கு, நான் பட்ட பாட்டிலிருந்து சில.

முதலில் கையில் கிடைப்பது 19-ம் நூற்றாண்டு மாவட்ட வரலாற்றுப் புத்தகங்களாகத்தான் இருக்கும். இவற்றில் பல, சந்தா சேர்த்து அச்சிட்டவை. சந்தா கட்டியவர்களின் வாழ்க்கைக் குறிப்பும் படமும் உள்ளே இருக்கும். தேதிக்கும் ஊருக்கும் அவை உதவும், குணநலனுக்கு உதவாது. எந்த இடத்தில் வாக்கியம் சட்டென்று சுருங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்த வருஷத்துப் பத்திரிகைக்குப் போங்கள். காங்கிரஸ் நூலகத்தின் இணையக் களஞ்சியத்திலும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பத்திரிகைத் தொகுப்பிலும் காசில்லாமல் தேடலாம்.

பெயரை ஒரே மாதிரி தேடாதீர்கள். ஹாஃப்மானுக்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒன்றாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும், முதலெழுத்துகள் மட்டும் போட்டும் இருக்கும். ஜெர்மன் பத்திரிகைகள் பழைய கொம்பு முளைத்த அச்செழுத்தில் இருப்பதால் கணினி 'எஸ்'ஸை 'எஃப்' என்று படித்துவைக்கும். தேடல் வெறுங்கையோடு திரும்பினால் ஆள் இல்லை என்று அர்த்தம் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு தங்கச் சுரங்கம். 1850-ல் நிலத்தின் மதிப்பைக் கேட்டு எழுதினார்கள். 1860-லும் 1870-லும் நிலம், மற்ற சொத்து இரண்டையும் எழுதினார்கள். 1861-ல் அடிபட்டவர்களுக்கு 60-ஐயும் 70-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் புகழ்நூலும் சொல்லாதது தெரியும். ஆனால் அவரவர் வாய்ச்சொல்லில் எழுதிய தொகைகள் அவை, சல்லிக்காசு வரை நம்ப வேண்டாம்.

1871-க்கு முந்தைய சிகாகோ நீதிமன்றப் பதிவேடுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1871 தீயில் நீதிமன்றக் கட்டிடமே போயிற்று. பக்கத்து டுபேஜ் மாவட்டத்துக்குப் போனால் அங்கே வேறு கூத்து. மாவட்டத் தலைநகரம் நேப்பர்வில்லா வீட்டனா என்ற சண்டையில் 1868-ல் வீட்டன்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் புகுந்து பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். விட்டுப்போன சிலவற்றை நேப்பர்வில்காரர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாகோவுக்கு அனுப்பிவைத்தார்கள். பத்திரம் என்று அனுப்பியது மூன்று வருஷத்தில் தீயோடு போயிற்று. தப்பியது பெரும்பாலும் சர்ச் பதிவேடுகள். எனவே முதல் நாளே சர்ச்சுக்குப் போங்கள், பணிவாகக் கேளுங்கள், கேட்கும் முன் குடும்பப் பெயரையும் வருஷத்தையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உதவுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பாட்டிகள், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். ஷாம்பர்க் நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்று தனிப் பகுதி உண்டு, மேஜையில் இருப்பவரிடம் தேடும் பெயரைச் சொன்னால் போதும்.

1875-க்குப் பிறகு ஹாஃப்மான் என்ற பெயரில் தேடினால் அதிகம் கிடைக்காது. உடம்பு தளர்ந்து வங்கியை விட்டு, விஸ்கான்சினில் ஜெஃபர்சன் ஊரில் ராக் ஆற்றங்கரையில் பண்ணை வாங்கிக் குடிபோய்விட்டார். அங்கிருந்து ஹான்ஸ் புஷ்பாவர் என்ற புனைபெயரில் ஜெர்மன் விவசாயிகளுக்கு எழுத ஆரம்பித்தார். மில்வாக்கியின் ஜெர்மானியா பத்திரிகையோடு வந்த விவசாய இணைப்புக்கு அவர்தான் ஆசிரியர். துணை ஆளுநர் ஹாஃப்மானைக் கேள்விப்படாத ஜெர்மன் குடியானவர்களுக்கும் புஷ்பாவரைத் தெரிந்திருந்தது. 1903 ஜனவரியில், 80 வயதில், இறக்கும்வரை எழுத்துதான். அந்தப் பெயரில் தேடினால் புத்தகங்களும் கிடைக்கும். ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பக்கத்தைப் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் முக்கால்வாசி புரிகிறது, மீதிக்கு சர்ச் பாட்டிகள் இருக்கிறார்கள்.